மூடாக்கு போட அவசரப்படாதீர்கள்

குளிர்நாட்டுத் தோட்டத்தில் இலையுதிர்கால முடிவில் முதல் உறைபனி விழுந்து தக்காளிச் செடி ஒரே இரவில் கறுத்துப்போனதும் வைக்கோலையும் சருகையும் அள்ளிவந்து எல்லாப் பாத்திகளையும் மூடிவிடத் தோன்றும். செடிக்குக் குளிருமே என்ற கவலைதான். குளிர்நாட்டுச் செடிகள் குளிரைத் தாங்கிக்கொள்ளும். அவற்றைச் சாகடிப்பது பகலில் உருகி இரவில் உறையும் மண். ஈரமண் உறைந்து உப்பும்போது செடியையும் சேர்த்து மேலே தூக்கும். உருகினால் மண் இறங்கிவிடும், செடி இறங்காது. நாலைந்து முறை இப்படி நடந்தால் ஸ்ட்ராபெரியின் அடித்தண்டு விரல் கனத்துக்கு எழும்பி வேர் வெளியே தெரியும். அந்த வேரைக் காற்று உலர்த்திவிடும்.

ஆக, மூடாக்கு போடுவது உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருக்கத்தான். மேல்மண் இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்குக் கெட்டியான பிறகு போட்டால் போதும். ஸ்ட்ராபெரிக்கு மட்டும் சற்று முன்பே, மண் வெப்பம் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கியதும் 5 முதல் 10 செ.மீ. வைக்கோல் போடலாம். அதற்கும் முன்னால் மூடினால் மண் சூடு தணியாது, செடி உறக்கத்துக்குப் போகாது, ஈரம் தேங்கி அடித்தண்டு அழுகும். போதாக்குறைக்கு எலிகள் குளிர்காலத்துக்கு இடம் கிடைத்ததென்று குடியேறிவிடும். சருகை அப்படியே கொட்டினால் நனைந்து அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும்; புல்வெட்டியை இரண்டு முறை மேலே ஓட்டித் தூளாக்கிவிட்டுப் போடுங்கள்.

மூடுவதற்கு முன் தண்ணீர். இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். பைன் போன்ற பசுமைமாறா மரங்களும் ரோடோடென்ட்ரான் என்ற பூப்புதரும் குளிர்காலம் முழுக்க இலை வழியாக நீரை இழந்துகொண்டே இருக்கும். மண் உறைந்தபின் வேரால் குடிக்க முடியாது. இலை பழுப்பாவது வசந்தத்தில்தான் கண்ணில் படும் என்பதால் பழி கடைசிப் பனியின்மேல் போகும். தாகம் தொடங்கியது இலையுதிர்காலத்திலேயே. மண் உறையும்வரை வாரம் ஒருமுறை, 30 செ.மீ. ஆழம் நனையும்படி ஊற்ற வேண்டும். மழை நன்றாகப் பெய்த வாரம் தேவையில்லை.

கவாத்துக் கத்தரியை உள்ளே வைத்துவிடுங்கள். இப்போது வெட்டினால் துளிர் கிளம்பும். அந்தத் துளிர் முற்றுவதற்குள் உறைந்துபோகும். தழைச்சத்து உரமும் இப்போது வேண்டாம், காரணம் இதேதான்.

பூண்டு நட இதுதான் பருவம். மண் கெட்டியாக இன்னும் மூன்று நான்கு வாரம் இருக்கும்போது நட்டால், இலை எழும்பாமல் வேர் மட்டும் பிடிக்கும். பெரிய பற்களாகப் பொறுக்கி, தோலை உரிக்காமல், கூர்முனை மேலே இருக்க 5 செ.மீ. ஆழத்தில், 15 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். குளிர்பிரதேசப் பூண்டு சில வாரம் குளிரில் கிடந்தால்தான் பல் பிரியும். வசந்தத்தில் நட்டால் பெரும்பாலும் வெங்காயம்போல ஒற்றைப் பல்லாகவே நிற்கும்.

டாலியா பூச்செடி இதற்கு நேர்மாறு. கிழங்கு உறைந்தால் கூழாகிவிடும். உறைபனியில் இலை கறுத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, ஒரு வாரம் கழித்துத் தோண்டுங்கள். மண்வெட்டியைத் தண்டிலிருந்து ஓரடி தள்ளி இறக்குங்கள். கிழங்கின் கழுத்து முறிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது, ஏனென்றால் முளைக்கண் இருப்பது தண்டோடு சேரும் இடத்தில்தான். ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, லேசாக ஈரமான வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்துவைக்கும் இலகுவான கனிமத் துகள்) புதைத்து 4 முதல் 7 டிகிரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்: சுருங்கியிருந்தால் கொஞ்சம் நீர் தெளியுங்கள், கொழகொழவென்றிருந்தால் அதை மட்டும் எறியுங்கள்.

இளம் பழமரத்தின் பட்டையை எலியும் முயலும் சுற்றிக் கடித்துவிட்டால் மரம் போனதுதான். கால் அங்குலக் கண் கொண்ட கம்பிவலையை மண்ணுக்குள் 5 செ.மீ. புதைத்துச் சுற்றிவிடுங்கள். உயரத்தை இன்றைய தரையிலிருந்து கணக்கிடாதீர்கள். முயல் பனிக்குவியலின் மேலே நின்று கடிக்கும். வழக்கமாகப் பனி நிற்கும் மட்டத்துக்கு மேல் இன்னும் 45 செ.மீ. வேண்டும். மூடாக்கு அடிமரத்தைத் தொடக்கூடாது, 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும்.

நோய் கண்ட தக்காளி இலைகளையும் பியோனி பூச்செடியின் இலைகளையும் அகற்றுங்கள். வீட்டு மட்குக்குழி அவற்றிலுள்ள கிருமி சாகும் அளவுக்குச் சூடாவதில்லை. மற்றக் காய்ந்த தண்டுகள் நிற்கட்டும். தோட்டம் பார்க்கச் சுத்தமாக இருக்காது, ஆனால் தண்டு பனியைப் பிடித்து நிறுத்தும், உள்ளே கூட்டமாக வாழாத சிறு தேனீக்களும் தங்கும்.

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். வெளிக்குழாய்க்கான வால்வை வீட்டுக்குள்ளேயே மூடி, வெளிக்குழாயைத் திறந்துவிட்டு, ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸை மாட்டியே விட்டால் குழாய்க்குள் நீர் தேங்கி சுவருக்குள் வெடிக்கும். கசிவு தெரிவது வசந்தத்தில் முதல்முறை திறக்கும்போதுதான். சுட்டமண் தொட்டிகளையும் காலிசெய்து கவிழ்த்து வையுங்கள்.

வசந்தத்தில் ஸ்ட்ராபெரி வைக்கோலுக்கு அடியில் வெளிறிய மஞ்சள் இலை தெரிந்ததும் மூடாக்கை விலக்கலாம். முழுக்க அள்ளிவிடாமல் வரிசைகளுக்கு நடுவே ஒதுக்கி வையுங்கள். பூத்தபிறகு ஓர் உறைபனி வந்தால் ஒரே இரவில் மறுபடி மூட வேண்டியிருக்கும்.