வோசரும் வெள்ளைக் கோடுகளும்

27 ஜனவரி 2023, வெள்ளி, கல்லடி

ஆணி தேடித் தகரப் பேணியைக் கவிழ்த்தபோது, நீர்ப்பம்பியிலிருந்து எப்போதோ கழற்றிய றப்பர் வோசர் ஒன்று உருண்டு வந்து காலடியில் விழுந்தது. 1986இல் ஒன்பதாம் வகுப்பில் நான் காட்டியது இதுதானா வேறொன்றா என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடம் நினைவுக்கு வந்துவிட்டது. நாளை அமெரிக்க விண்ணோடம் சலெஞ்சர் சிதறிய நாள். வருகிற புதன்கிழமையோடு இன்னொரு விண்ணோடமான கொலம்பியா சிதறி 20 வருடம். அப்பலோ 1 விண்கலத்தின் மூன்று வீரர்கள் தரைச் சோதனையின்போது தீயில் மாண்டதும் 1967இல் இதே 27ஆம் தேதிதான். சோதிடத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் மூன்றும் நாட்காட்டியில் ஒரு வாரத்துக்குள் வந்து விழுந்திருப்பதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

28 ஜனவரி, சனி

புளோரிடாவில் முற்பகல் 11.38க்கு விண்ணோடம் எழும்பியபோது மட்டக்களப்பில் இரவு பத்து மணி கடந்திருந்தது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. ஊரடங்கும் சுற்றிவளைப்பும் பழகிப்போன அந்தக் காலத்தில் இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு நேரத்தோடு படுத்துவிடுவோம். ஆகவே 73 செக்கனில் எல்லாம் முடிந்துபோனதை மறுநாள் காலை வானொலியில்தான் கேட்டேன். படத்தைப் பார்க்க, கொழும்புப் பத்திரிகை வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெண்புகை இரண்டாகப் பிரிந்து கொம்பு முளைத்தது போல நின்ற அந்தப் படத்தை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன்.

இறந்த ஏழு பேரில் ஒருவர் பாடசாலை ஆசிரியை. விண்ணப்பித்த பதினோராயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்களிலிருந்து தெரிவான கிறிஸ்டா மக்கோலிஃப், சுற்றுப்பாதையிலிருந்தே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவிருந்தார். நான் அப்போதுதான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. "அவ என்ன பாடம் படிப்பிக்க இருந்தவ, சேர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

பெப்ரவரியில், விசாரணைக் குழுவில் இருந்த பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் பனிக்கட்டி நீருக்குள் ஒரு றப்பர்த் துண்டை அமிழ்த்திக் காட்டிய செய்தி வந்தது. திண்ம எரிபொருள் ரொக்கெட்டின் பகுதிகள் பொருந்தும் மூட்டுகளில் றப்பர் வளையங்கள் இருந்தன. ஏவிய காலை வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியசாக இருந்ததால் அவை விறைத்து, மூட்டு விரியும் வேகத்துக்கு ஈடுகொடுத்துத் தம் வடிவுக்குத் திரும்பவில்லை. அந்த இடைவெளியால் கொதிவாயு வெளியேறியது. மூன்றரை மீற்றருக்கும் அதிக விட்டமுள்ள வளையம். தடிப்போ ஏழு மில்லிமீற்றர் அளவுதான்.

மாரியில் கூடப் போர்வை தேடாத ஊரில் இதை எப்படி விளங்கவைப்பது? மீன் வாடிக்குப் போய் உமி ஒட்டிய ஐஸ் கட்டி ஒன்றைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி வந்தேன். பாதி வழியிலேயே உருகிக் காற்சட்டையை நனைத்தது. குறட்டால் நசுக்கிப் பிடித்த வோசரை ஐஸ் நீருக்குள் சிறிது நேரம் வைத்து, வெளியே எடுத்துக் குறட்டைத் தளர்த்தினேன். நசுங்கியது நசுங்கியபடியே கிடந்தது. பிறகு மெல்ல மெல்ல, சோம்பல் முறிப்பது போல, பழைய வட்டத்துக்கு வந்தது. நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் பிறகு நடத்தியதில்லை.

30 ஜனவரி, திங்கள்

ஏவுவதற்கு முந்திய இரவே, ரொக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் 12 பாகைக்குக் கீழான குளிரில் ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடியிருந்தார்கள். அவர்களது மேலாளர்களே பின்னர் அந்த முடிவை மாற்றிக்கொண்டார்கள். இதை ஒவ்வொரு வருடமும் கோபத்தோடுதான் படிப்பிப்பேன். மற்றவர்களின் அசட்டையைப் படிப்பிப்பது சுலபம்.

1 பெப்ரவரி, புதன்

2003 பெப்ரவரி 1, சனிக்கிழமை. யுத்தநிறுத்தக் காலமாகையால் இரவில் பயமின்றிக் கடைத்தெருவில் நிற்க முடிந்தது. ஒரு தேநீர்க் கடையின் தொலைக்காட்சியில், சத்தம் குறைத்து வைத்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அருகில் என் பழைய மாணவன். நீல வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடி, இரண்டாகி, மூன்றாகியது.

"என்ன சேர் அது? ஏன் பிரியுது?"

மூக்குக் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தேன். கீழே ஓடிய எழுத்து எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதிலாக, கையைச் சரித்து விண்ணோடம் போல ஆட்டிக் காட்டி, வளிமண்டலத்துக்குள் நுழையும்போது காற்றை அழுத்துவதால் எழும் வெப்ப ஒளி அது, வழமையாக நடப்பதுதான், இப்படியே புளோரிடாவில் போய் இறங்கும் என்று விளக்கினேன். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். கொலம்பியாவில் இருந்த விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் பெயர் கேட்டது. தரையிறங்கப் பதினாறு நிமிடமே இருந்தபோது, டெக்சஸ் மாநிலத்துக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்தில் ஏழு பேரும் போய்விட்டிருந்தார்கள்.

ஏவிய 82ஆவது செக்கனளவில் எரிபொருள் தாங்கியிலிருந்து பெயர்ந்த, ஒரு கிலோவும் இல்லாத நுரைத் துண்டொன்று இடது இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியிருந்தது. நுரை முன்பும் பல தடவை விழுந்திருக்கிறது, விண்ணோடம் பத்திரமாகத் திரும்பியும் இருக்கிறது. ஆகவே அது வழமையாகிவிட்டது. இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியியலாளர்கள் கேட்டும் எடுக்கப்படவில்லை. அதே வருடம் ஜூலையில் அத்தகைய துண்டொன்றை இறக்கை முன்விளிம்பின் அதே மாதிரிப் பலகத்தின்மீது சுட்டுப் பார்த்தபோது, 40 சென்ரிமீற்றர் அளவில் ஓட்டை விழுந்தது. "வழமை" என்ற சொல்லை விபத்து விசாரணை அறிக்கை பற்றிய செய்திகளில் வாசித்த ஒவ்வொரு தடவையும் தேநீர்க் கடையும் என் கையும் கண்முன் வந்தன.

அந்த மாணவன் இப்போது தோகாவில். அன்று அவன் கேட்டதற்குச் சரியான விடையை, இருபது வருடம் பிந்தி, இன்று காலை குரற்பதிவாக அனுப்பினேன்: சூடான வாயு ஓட்டையால் இறக்கைக்குள் புகுந்து உள்ளிருந்த அலுமினியத்தை உருக்கியது, அதனால்தான் கோடு பிரிந்தது என்று. மாலையில் பதில் வந்தது.

"ஓம் சேர். அதெல்லாம் மறுகா பேப்பரில வாசிச்ச நான். நீங்க கைய ஆட்டிக் காட்டினதுதான் எனக்கு இன்னும் ஞாபகம்."