அதை யார் பார்த்தது?

பன்னிரண்டு வருடமாகத் திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் குருத்துவப் பயிற்சி மாணவர்கள். சனிக்கிழமை மாலையில் சபை ஊழியத்தில் இருப்பவர்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஓய்வுநாள் பள்ளி நடத்தும் பெண்கள். இரண்டாம் நூற்றாண்டுப் பாடத்தில், இன்றைய துருக்கியிலுள்ள பிரிகியாவைச் சேர்ந்த மொன்டானுசுக்கு முக்கால் மணி நேரம்தான். எனக்குப் பாடம் எடுத்தவர் தந்த குறிப்பையே நானும் கரும்பலகையில் எழுதிப்போடுவேன்: "பிரிகியாவில் எழும்பிய கள்ளத் தீர்க்கதரிசி. அவனும் மாக்சிமில்லா என்பவளும் யூதாசைப் போல நான்றுகொண்டு செத்தார்கள்."

ஒரு சனிக்கிழமை, கடைசி பெஞ்சில் இருந்த ஓர் அம்மா கேட்டார். "சார், அவங்க நான்றுகிட்டத யாரு பாத்தாங்க?"

"எழுதி வச்சிருக்காங்கம்மா."

"எழுதினது அவங்க ஆளுங்களா, எதிராளுங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு நான்காம் நூற்றாண்டு ஆயர் யூசேபியசின் திருச்சபை வரலாற்றில் ஐந்தாம் புத்தகத்தை எடுத்தேன். 16ஆம் அதிகாரத்தில், பெயர் தெரியாத ஓர் எதிர்ப்பாளர் எழுதியதை யூசேபியஸ் நீளமாக எடுத்துத் தருகிறார். நான்றுகொண்ட, அதாவது தூக்குப் போட்டுக்கொண்ட கதை அதில்தான் இருக்கிறது. ஆனால் கதையைச் சொல்லி முடித்த கையோடு அந்த எதிர்ப்பாளரே எழுதுகிறார்: நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை, அப்படி இறந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர்கள்மேல் அவ்வளவு கோபம் இருந்த மனிதர் விட்டுவைத்த அந்தச் சந்தேகத்தைத்தான் நான் வருடக்கணக்கில் அழித்துவிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாடத்தை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன். அவர்கள் தங்கள் இயக்கத்தைச் சொன்ன பெயர் 'புதிய தீர்க்கதரிசனம்'. மொன்டானியர் என்பது பிற்காலத்தில் மற்றவர்கள் வைத்தது. தொடக்கம் 156 வாக்கில் என்று ஒரு பழைய கணக்கு, 172 வாக்கில் என்று இன்னொன்று. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பற்றி அவர்கள் நம்பியது சபை நம்பியதுதான் என்று, அவர்களைக் கடுமையாகச் சாடிய நான்காம் நூற்றாண்டு ஆயர் எபிபானியுசே ஒப்புக்கொள்கிறார். சண்டை வேறு இடத்தில். தன்னிலை மறந்த பரவசத்தில் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். உபவாசங்களைக் கூட்டினார்கள், மறுமணம் கூடாது என்றார்கள். மொன்டானுசோடு பிரிஸ்கில்லா, மாக்சிமில்லா என்ற இரண்டு பெண்களும் ஆவியின் வாயாகப் பேசினார்கள். கார்த்தேஜ் நகரத்துப் பெரிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனே 207 வாக்கில் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஆயர்கள் பயந்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தனக்குப் பின் தீர்க்கதரிசி இல்லை, முடிவுதான் என்றார் மாக்சிமில்லா. போர்களும் கலகங்களும் வரும் என்றார். அவர் இறந்து பதிமூன்று வருடத்துக்கு மேலாகியும் அப்படிப் போர் எதுவும் வரவில்லையே என்று கேட்கிறார் அந்தப் பெயரில்லாதவர். நியாயமான கேள்வி. பரலோக எருசலேம் பெபூசா என்ற பிரிகிய ஊரில் இறங்கும் என்ற நம்பிக்கையும் இந்த இயக்கத்தில் இருந்தது, இறங்கவில்லை. ஆறாம் நூற்றாண்டில், பேரரசர் யுஸ்தினியன் காலத்தில், ஆயர் எபேசு யோவான் அங்கே இருந்த மொன்டானுஸ் முதலானவர்களுடைய எலும்புகளை எடுத்து எரித்தார் என்று சிரியத் திருச்சபை வரலாறு சொல்கிறது. இதை எழுதியபோது என் கை கொஞ்சம் நின்றது.

அதிக நேரம் பிடித்தது ஒரு சின்ன விஷயம். 'செத்தான்' என்பதா, 'இறந்தார்' என்பதா? கிரேக்கத்தில் இந்தத் தொல்லை கிடையாது. தமிழில் வினைமுற்றே தீர்ப்பு எழுதிவிடுகிறது. பழைய குறிப்பில் ஆயர்கள் எல்லாம் 'அவர்', இவர்கள் மட்டும் 'அவன்', 'அவள்'. சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பக்கத்துக்கு ஏழெட்டு இடம் வந்தது. 'கள்ளத் தீர்க்கதரிசி' என்பதை எடுக்கவில்லை. யார் அப்படிச் சொன்னார்கள் என்பதைப் பக்கத்தில் சேர்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை, போன வாரம் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டுப் புதுத் தாளைக் கொடுத்தேன். அந்தப் பெயரில்லாதவரின் எழுத்தில், மாக்சிமில்லாவின் ஆவியைச் சோதிக்க ஆயர்கள் வந்ததைச் சொல்லும் பகுதிக்கு அருகிலேயே அவருடைய ஒரு வாக்கு இருக்கிறது. கேள்வி கேட்ட அம்மாவையே வாசிக்கச் சொன்னேன். ஆலயத்தில் நிருபம் வாசிப்பதுபோல எழுந்து நின்று வாசித்தார்.

"ஓநாயைப் போல ஆடுகளிடமிருந்து துரத்தப்படுகிறேன். நான் ஓநாய் அல்ல. நான் வார்த்தை, ஆவி, வல்லமை."

தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "இத எழுதி வச்சதும் எதிராளுதானா சார்?"

"ஆமாம்மா. வேற யாரும் வைக்கல."

அவர் உட்காரவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு முறை வாசித்தார்.