சிம்லாவில் வேறொரு இர்வின்

முப்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டுகளைச் சுமந்து சென்னை உயர் நீதிமன்றத் தாழ்வாரங்களில் நடந்தவன் நான். சிவப்புச் செங்கல், மொகலாய வளைவுகள், 1977 வரை கலங்கரை விளக்கு எரிந்த அந்தப் பெரிய குவிமாடம் எல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும். அதை 1892இல் கட்டி முடித்த ஹென்றி இர்வின்தான் அதற்குமுன் சிம்லாவில் வைஸ்ராய்க்குக் கோடை மாளிகை கட்டியவர். மகளோடு சிம்லா போனபோது அதைப் பார்க்காமல் வர மனசு வரவில்லை.

அப்சர்வேட்டரி ஹில் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்று நிமிர்ந்தால், எனக்குத் தெரிந்த இர்வின் அங்கே இல்லை. சாம்பல் நிறக் கல், கோபுரம், முக்கோண முகப்புகள். இங்கிலாந்துப் பிரபு வீட்டை அப்படியே பெயர்த்து வந்து தேவதாரு மரங்களுக்கு நடுவே வைத்த மாதிரி இருக்கிறது. மெட்ராஸில் ஜனங்கள் வந்து போகும் கட்டடத்துக்கு நம்ம ஊர் வேஷம் போட்டவர், துரை குடியிருக்கும் வீட்டுக்கு அவர்கள் ஊரையே கொண்டுவந்துவிட்டார். எனக்கு மெட்ராஸ் இர்வின்தான் பிடிக்கும்.

உள்ளே மட்டும் வாயடைத்துப் போனேன். மூன்று மாடி உயரக் கூடம், சுற்றிலும் மரவேலை. படிக்கட்டுக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன், சில்லென்று வழவழப்பு. பர்மா தேக்காம். இந்த மாளிகையைக் கட்டவைத்த டஃபரின் பிரபு வைஸ்ராயாக இருந்தபோதுதான், 1886இல், மேல் பர்மாவைப் பிரிட்டிஷ் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார்கள். சரி, தேக்குக்கு என்ன பஞ்சம்! தீப்பிடித்தால் சூட்டில் மெழுகு உருகித் தானாகவே தண்ணீர் பீய்ச்சும்படி குழாய்களின் வாயை மெழுகால் அடைத்திருந்தார்களாம். நான் வேலை பார்த்த ஆபீஸில் கூரை முட்டக் காகிதக் கட்டுகள். தீயணைக்க இரண்டு வாளி மணல்.

இவ்வளவு செய்தும் டஃபரினுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1888 ஜூலையில் குடிபுகுந்தார், டிசம்பரில் பதவிக்காலம் முடிந்துவிட்டது. சுதந்திரத்துக்கு முன் வைஸ்ராய் நம்ம தலைவர்களோடு பேசிய 1945 சிம்லா மாநாடு நடந்ததும் இங்கேதான். அப்புறம் 1965இல், ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இங்கே வந்தது. துரைமார் விருந்து சாப்பிட்ட அறைகளில் இன்று அறிஞர்கள் படிக்கிறார்கள்.

உள்ளே படமெடுக்க விடவில்லை. வெளியே எடுத்த ஒரு படத்தை, என்னோடு அதே தாழ்வாரத்தில் இருபது வருடம் நடந்த சக குமாஸ்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “எந்த ஊரு சர்ச்சுப்பா இது?”