எனக்கு விளங்கவில்லை

மொழி தெரியாத இந்த நாட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. மூன்றாம் வாரமே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். அதன்பிறகு ஏறக்குறைய ஏழு மாதம் அந்த வகுப்பறையில் நான் வாய் திறக்கவில்லை. வீட்டில் நான் ஓயாமல் கதைக்கிற பிள்ளை. தம்பியோடு சண்டை பிடித்தால் கீழ்மாடி வரைக்கும் கேட்கும். பள்ளி வாசலைத் தாண்டியதும் நாக்கு எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும்.

அந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. யார் எந்தச் சொல்லைச் சொன்னால் வகுப்பு சிரிக்கிறது, ஆசிரியை கோபப்படும்போது எந்தச் சொல்லை நீட்டுகிறார், எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தேன். இரவில் போர்வைக்குள் அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன்.

இப்போது, புதிதாக வந்திறங்கும் பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அந்த ஏழு மாதங்களுக்கு ஒரு பெயர் உண்டு என்று இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்: மௌன காலம். ஸ்டீபன் கிராஷென் போன்ற மொழி ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிள்ளை பேசாவிட்டாலும் மொழி உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றையும் படித்தேன். ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆய்வாளர், விளையாட்டுத் திடலில் பேசும் மொழியும் பாடப்புத்தக மொழியும் வேறு வேறு என்று 1979-இல் பிரித்துக் காட்டியவர். முதலாவது ஏறக்குறைய 2 ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவதில் மற்றப் பிள்ளைகளுக்கு ஈடாக நிற்க 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகலாம். அதைப் படித்த அன்று நான் அழுதேன். பதினான்கு வயதில் நன்றாகக் கதைக்கத் தெரிந்தும் சரித்திரப் பாடத்தில் தடுமாறியபோது, என் மூளையில்தான் ஏதோ குறை என்று நம்பியிருந்தேன்.

ஆனால் எனக்குத் துணிச்சல் வந்தது வகுப்பறையில் அல்ல.

அம்மாவின் கழுத்தில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. சோதனை முடிவைக் கேட்கப் போன நாளில் அப்பாவுக்கு வேலை. நான்தான் கூடப் போனேன். டொக்டர் நிதானமாகத்தான் பேசினார். இருந்தாலும் நடுவில் வந்த ஒரு சொல் எனக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது என்பது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது.

"டொக்டர் என்னவாம் பிள்ளை?" அம்மா என் கையைப் பிடித்தார்.

வகுப்பில் என்றால் தலையை ஆட்டிவிட்டு இருந்திருப்பேன். ஏழு மாதமாக அப்படித்தான் தப்பித்து வந்தேன். இங்கே தலையாட்ட முடியாது. அம்மாவுக்கு நான் எதைச் சொல்கிறேனோ அதுதான் உண்மை. இரவில் பழகிய வாக்கியங்களில் ஒன்றை எடுத்தேன். "எனக்கு விளங்கவில்லை. தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள்." குரல் நடுங்கியது. டொக்டர் ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்தார். கட்டி ஆபத்தில்லாதது, பரவாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். நான் தமிழில் சொல்லி முடிக்கும் முன்னமே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். பல நாடுகளில் மருத்துவமனைகளே மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்து தருகின்றன, கேட்டால் கிடைக்கும். அன்று அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்திருந்தால், அதை அம்மாவிடம் சொல்லும் வாய் என்னுடையதாக இருந்திருக்கும். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் நெஞ்சு இறுகுகிறது.

அடுத்த திங்கட்கிழமை கணக்குப் பாடத்தில் கையை உயர்த்தினேன். அதே வாக்கியம்தான். ஆசிரியை ஒரு கணம் சோக்கோடு அப்படியே நின்றார். பிறகு முதல் வரியிலிருந்து விளக்கினார். பின் வரிசையில் இருந்த ஒருத்தி என் பக்கம் சாய்ந்து, "நல்லவேளை கேட்டாய், எனக்கும் விளங்கவில்லை" என்று முணுமுணுத்தாள். அந்த மொழி பிறந்த நாளிலிருந்தே அவளுடையது. அவளுக்கும் விளங்காத இடம் உண்டு என்பது எனக்குப் பெரிய செய்தி.

அவள்தான் எனக்கு முதல் சிநேகிதி. என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. எல்லோரும் அதை லகரமாக்கித்தான் கூப்பிடுவார்கள், நானும் திருத்தியதில்லை. அவள் மட்டும், "வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு வரவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கும் தெரியாது. ழகரத்தை நான் யாரிடமும் படித்ததில்லையே. அன்று இரவு கண்ணாடி முன் நின்று என் நாக்கையே கவனித்தேன். நுனி பின்னால் வளைகிறது, மேலண்ணத்தை நெருங்குகிறது, ஆனால் தொடுவதில்லை. மறுநாள் அதைக் கையால் வளைத்துக் காட்டினேன். இடைவேளை முழுவதும் இரண்டு பேரும் நாக்கை மடித்துக்கொண்டு நின்றோம்.

சில வாரங்களுக்குப் பிறகு வேறொரு ஆசிரியர் வகுப்புக்கு வந்து இடாப்பு வாசித்தார். என் பெயரில் தடுக்கி, வழக்கம்போல் லகரம் போட்டார். நான் திருத்துவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருந்து அவள் குரல் வந்தது. "அப்படியில்லை, சேர்." பிறகு என் பெயரைச் சொன்னாள். ழகரம் முழுதாக வரவில்லை, ரகரத்துக்கும் ழகரத்துக்கும் நடுவில் எங்கேயோ நின்றது. நான் திரும்பிப் பார்த்து, நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னால் என்று கையால் காட்டினேன். அவள் மறுபடியும் சொன்னாள்.