ஷேர்பாயிண்ட் ஃபோல்டரைப் பிரித்த பிறகும் மற்றவர்கள் எப்படித் திறக்கிறார்கள்?

ஷேர்பாயிண்ட் என்பது அலுவலக ஃபைல்களைப் பகிர்ந்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை. அதில் சம்பளப் பட்டியல் ஃபோல்டருக்கு, மேலிடத்து அனுமதியிலிருந்து பிரிக்கும் 'ஸ்டாப் இன்ஹெரிட்டிங் பெர்மிஷன்ஸ்' பட்டனை அழுத்தியாயிற்று. ஆனாலும் பக்கத்து டிபார்ட்மென்ட்காரருக்கு அது திறக்கிறது. கோளாறு எதுவும் இல்லை. அந்த பட்டன் யாரையும் வெளியேற்றுவதில்லை.

அனுமதி சைட்டிலிருந்து லைப்ரரிக்கும் (சைட்டில் ஃபைல்களை வைக்கும் இடம்), அங்கிருந்து ஃபோல்டருக்கும் ஃபைலுக்கும் இறங்குகிறது. பட்டனை அழுத்தினால் மேலே இருக்கும் அனுமதிப் பட்டியல் அப்படியே ஃபோல்டருக்கு நகலாகும். சைட்டின் உறுப்பினர்கள் அடங்கிய மெம்பர்ஸ் குரூப்பும் அந்த நகலில் இருக்கும். அதனால் நாளைக்கு அந்த குரூப்பில் சேரும் புதியவருக்கும் ஃபோல்டர் திறக்கும். ஆனால் சைட்டில் வேறொரு புதிய குரூப்பைச் சேர்த்தால் அது இங்கே வந்து சேராது. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டியது இது: ஃபோல்டரின் மூன்று புள்ளியில் 'மேனேஜ் ஆக்சஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ்'. அங்கே அந்த பட்டனை அழுத்தி மேலிடத்துத் தொடர்பைத் துண்டித்ததும் வேண்டியவர்களை முதலில் சேருங்கள், பிறகு வேண்டாத குரூப்பை டிக் செய்து நீக்குங்கள். வரிசை மாறினால் உங்களுக்கே கதவு மூடிவிடலாம். கடைசியில் 'செக் பெர்மிஷன்ஸ்' அழுத்தி, உள்ளே வரக்கூடாத ஒருவரின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். சைட் அட்மின்களை மட்டும் இந்த வழியில் தடுக்க முடியாது. சம்பள விவரத்துக்குத் தனி சைட் வைப்பதே நல்லது.

இதைவிட ஆபத்தானது ஷேர் லிங்க். ஒரு ஃபைலைக் குறிப்பிட்ட ஒருவருக்கு லிங்காக அனுப்பினாலே அந்த ஃபைலின் அனுமதி சத்தமில்லாமல் ஃபோல்டரிலிருந்து பிரிந்து, அன்றைய அனுமதிப் பட்டியலை வைத்துக்கொள்ளும். பிறகு ஃபோல்டரிலிருந்து மெம்பர்ஸை நீக்கினாலும் ஃபைலில் அவர்கள் இருப்பார்கள்; தேடினால் அவர்களுக்கு அது கிடைக்கும். லைப்ரரியின் பெர்மிஷன்ஸ் பக்கத்தில், தனி அனுமதி உள்ளவை இருக்கலாம் என்ற அறிவிப்பு தெரிந்தால் அதிலுள்ள 'ஷோ தீஸ் ஐட்டம்ஸ்' அழுத்திப் பட்டியலை எடுங்கள். மீண்டும் மேலிடத்தோடு இணைக்க 'டிலீட் யூனிக் பெர்மிஷன்ஸ்' இருக்கிறது. ஆனால் அங்கே தனியாகக் கொடுத்த அனுமதி எல்லாம் அழிந்துவிடும், திரும்ப எடுக்க வழியில்லை.

ஒரு லைப்ரரியில் தனி அனுமதி உள்ள ஐட்டங்களுக்கு உச்சவரம்பு 50,000. மைக்ரோசாஃப்ட் பரிந்துரைப்பது 5,000. ஒரு ஃபோல்டருக்குள் 1,00,000 ஐட்டங்களுக்கு மேல் போனால் அதன் அனுமதியை மேலிடத்திலிருந்து பிரிக்கவும் முடியாது, மீண்டும் சேர்க்கவும் முடியாது. எனவே ஃபைல்களைக் கொட்டுவதற்கு முன்பே, ஃபோல்டர் காலியாக இருக்கும்போது அனுமதியை முடிவு செய்துவிடுங்கள்.