மயில் கழுத்தில் ஓர் ஊசித்துளை

பட்டறையிலிருந்து வரும் சரக்கில் குறை பார்த்துக் கழிப்பது என் வேலை. அந்தப் பாயசக் கரண்டியைக் கழித்தது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் பட்டறைக்காரர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பித்தளையில் வார்த்த பரிமாறும் செட், கைப்பிடி முனையில் மயில். அதன் கழுத்து வளைவில் ஓர் ஊசித்துளை. குண்டூசிகூட நுழையாது. சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டுத் தனியே வைத்தேன்.

"சோறு படுற இடத்தைப் பாருங்க தம்பி. மயில் கழுத்துல துளை இருந்தா யாருக்கு என்ன?" என்றார்.

"வாங்குறவங்க முதல்ல மயிலைத்தான் பாக்குறாங்க அண்ணே."

"அப்ப இது கரண்டி இல்லையா?"

"ரிட்டர்ன் வந்தா ரெண்டு பேருக்கும் நஷ்டம்" என்று பேச்சை முடித்துவிட்டேன். அது பொய்யில்லை. சீர்வரிசைக்கு வாங்குகிறவர்கள் தாம்பாளத்தில் அடுக்கி சபையில் வைக்கிறார்கள். அங்கே ஒரு பொட்டு தெரிந்தாலும் பெண் வீட்டாருக்குச் சங்கடம். ஆனால் அவர் கேட்டதற்கு இது பதிலே இல்லை.

துளை எப்படி வருகிறது என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அச்சுக்கு எடுக்கும் வண்டல் மண்ணில் ஈரம் கொஞ்சம் கூடிவிட்டால், உலோகம் ஊற்றியதும் அது ஆவியாகிக் குமிழாகத் தங்கிவிடும். அரத்தால் ராவி, உளியால் தோகை கொத்தி, பாலிஷ் போடும்போதுதான் வெளியே தெரியும். அதாவது, கூலி வேலை முழுக்க முடிந்த பிறகு. கழித்ததை உருக்கினால் பித்தளை பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும், துத்தநாகம் கொஞ்சம் வெள்ளைப் புகையாகப் போகும். தோகை கொத்திய கைவேலை மட்டும் திரும்பாது. துளையை உலோகத்தால் பற்றவைத்து அடைத்து, மேலே பாலிஷ் போட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. துளையை மறைக்காமல் கொண்டுவந்தவருக்குத்தான் நஷ்டம் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இதைவிடப் பெரிய சிக்கல் கரண்டியின் குழியில் இருக்கிறது. புளியும் மோரும் படும் பித்தளைக்கு உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். கரண்டியைச் சூடேற்றி, ஈயம் ஒட்டிப் பிடிக்க நவச்சார உப்பைத் தூவி, ஈயத்தைத் துணியால் இழுத்துப் பரப்புவார்கள். 232 டிகிரியிலேயே உருகுகிற உலோகம், சின்னத் துளைகளின் மேல் அழகாக மூடிக்கொள்ளும். நாள்பட நாரும் பொடியும் போட்டுத் தேய்த்து ஈயம் போனதும் துளை திறக்கும். அதில் உணவு தங்கும், பச்சைக் களிம்பு பிடிக்கும். என் கைக்கு வரும் கரண்டிகள் எல்லாம் ஈயம் பூசி வந்தவை. சோறு படுகிற இடத்தில் நான் பார்த்தது வெள்ளைப் பளபளப்பை மட்டும்தான். அவர் பார்க்கச் சொன்ன இடத்தில் என்னால் எதையும் பார்த்திருக்க முடியாது.

அதற்காகக் கைப்பிடியில் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அழகுக்காகத்தான் அந்த விலை கொடுக்கிறார்கள். சாதாரணக் கரண்டி தெருமுனைப் பாத்திரக்கடையிலேயே கிடைக்கும். என் தங்கை கல்யாணத்துக்கு எடுத்தபோது நானும் ஒவ்வொரு கைப்பிடியையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித்தான் பார்த்தேன். குழியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வாங்குகிறவனாக நின்றபோது எனக்கே மயில்தான் கரண்டி.

குறையைச் சொல்லி, விலை குறைத்து விற்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். சீர் சாமானில் 'குறை' என்ற பேச்சே வரக்கூடாது என்றார். அவர் சொல்வதும் புரிகிறது.

இப்போது ஈயம் பூசுவதற்கு முன்பே ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பட்டறையிலிருந்து இங்கே, இங்கிருந்து பூசுகிறவரிடம், திரும்ப இங்கே என்று வண்டிக்கூலி கூடும். யோசிக்கலாம் என்றிருக்கிறார் முதலாளி. பட்டறைக்காரர் உடனே சரி என்றுவிட்டார். மயிலைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் இன்னும் பேசவில்லை.