501-வது யூனிட்டின் விலை

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் ஓடும் 501-வது யூனிட் கரண்டுக்கு என்ன விலை? 2022 செப்டம்பர் கட்டண அட்டையைப் பார்த்தால் 8 ரூபாய். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் 233 ரூபாய் என்பார்கள். பிள்ளைகள் சொல்வதுதான் சரி.

நான் கணக்கு டீச்சர். 2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின்கட்டணத்தை வைத்து, கம்ப்யூட்டர் லேபில் பிள்ளைகள் செய்ய ஒரு கணக்கை அமைத்தேன். இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் கணக்கே வேறு. முதல் 100 அப்போதும் இலவசம்தான், ஆனால் அந்த 2.25 கிடையாது, 101லிருந்து 400 வரை மொத்தமும் 4.50. அப்புறம் 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10, அதற்கு மேல் 11. அதன்பின் விலைகள் ஏறிவிட்டன. ஆனாலும் கையால் சரிபார்க்க இந்த எண்கள் வசதி என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். இன்றைய விலையை அவரவர் வீட்டு பில்லைப் பார்த்துப் பிள்ளைகளே மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

'480 யூனிட்டுக்கு பில் எவ்வளவு?' என்று நான் கேட்பதில்லை. அது வெறும் கூட்டல், பெருக்கல். நான் கேட்பது இது: "அடுத்த பில்லில் 100 ரூபாய் குறைய வேண்டுமென்றால், உங்கள் வீட்டில் எத்தனை யூனிட் குறைய வேண்டும்?" இதற்கு வகுப்பு முழுக்க ஒரே விடை வராது. பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதவும் முடியாது. போனில் கேட்டால் போன் திருப்பிக் கேட்கும், உங்கள் வீட்டில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று.

லேபில் இரண்டு மூன்று பேருக்கு ஒரு சிஸ்டம். லிப்ரேஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருள் போதும். முதல் நெடுவரிசையில் 1 முதல் 1000 வரை யூனிட். இரண்டாவதில் பில் தொகை. அதற்கு 'இஃப்' சூத்திரத்தை ஒன்றுக்குள் ஒன்றாக எழுத வேண்டும், பெரும்பாலான நேரம் இதில்தான் போகும், போகட்டும். 'உறவுகளும் சார்புகளும்' பாடத்தில் x-இன் மதிப்பைப் பொறுத்து விதி மாறும் சார்புகள் வருமே, அதைத்தான் அவர்கள் இங்கே எழுதுகிறார்கள், ஆனால் காரணத்தோடு. கடைசி ஸ்லாப் (கட்டணப் படி) விலையால் மொத்த யூனிட்டையும் பெருக்குபவர்கள் நிறைய. நான் திருத்துவதில்லை, வீட்டு பில்லோடு ஒப்பிடச் சொல்வேன். பில் ஒத்துவராதபோது சூத்திரத்தைத் தாங்களே பிரித்துப் பார்க்கிறார்கள்.

500 என்ற இடத்தில் <= போட வேண்டியதற்கு வெறும் < போட்டால் பில் 1,725க்குப் பதில் 1,950 வரும். அந்த ஒரு சமக்குறிக்கு 225 ரூபாய். எண்கோட்டில் திறந்த வட்டம், மூடிய வட்டம் எதற்கு என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியதே இல்லை.

மூன்றாவது நெடுவரிசைதான் இந்தக் கணக்கின் உயிர். ஒவ்வொரு பில்லிலிருந்தும் முந்தைய வரிசையின் பில்லைக் கழிக்கச் சொல்வேன். வரிசையாக 0, பிறகு 2.25, 4.50, 6 என்று வந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரே ஒரு இடத்தில் 233. அடுத்த வரியில் 8. "டீச்சர், சிஸ்டம் தப்பா காட்டுது" என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். கையால் போட்டுப் பார்ப்பார்கள்: 1,958 கழித்தல் 1,725. தப்பே இல்லை.

ஒரு கணக்குக்குக் கம்ப்யூட்டர் தேவையா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கையால் மூன்று நான்கு பில் போடுவதற்குள் ஒரு பீரியட் முடிந்துவிடும். 500ஐயும் 501ஐயும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது, நான் சொன்னால் ஒழிய. ஆயிரம் பில் ஒரே நேரத்தில் கண்முன் கிடக்கும்போது, கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது. ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தள்ளி வந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டாள். நாளுக்கு 8 யூனிட் ஓடும் வீடு என்றால் 60 நாளில் 480 யூனிட், பில் 1,605. 64 நாளில் 512 யூனிட், பில் 2,046. கூடுதல் 32 யூனிட்டுக்கு 441 ரூபாய். இந்தக் கேள்வி என் தாளில் இல்லை.

வீட்டுக்குத் தனி மின்வாரிய அட்டையே இல்லாத பிள்ளைகளும் உண்டு. வாடகை வீடு, ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கிக்கொள்வார். அவர்களுடைய சார்பு 9x, ஒரே நேர்கோடு. 150 யூனிட் ஓடினால் மின்வாரியக் கணக்குப்படி 112.50, அவர்கள் கொடுப்பது 1,350. இதைப் பார்த்ததும் வகுப்பில் பெரிய வாக்குவாதம். ஓனர் பக்கம் பேச ஒருவன் எழுந்தான்: எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே மீட்டர் இருந்தால் அவருக்கும் அதிகம்தானே ஆகும்? சரி, போட்டுப் பார் என்றேன். 900 யூனிட்டுக்கு 5,550 ரூபாய், அதாவது யூனிட்டுக்குச் சராசரி 6.17. "அப்பவும் 9 ஆகலையே" என்றான் அவனே. இப்படியொரு கேள்வியை வைக்கும்போது யார் வீட்டு விவரமும் பெயரோடு பலகைக்கு வரக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். யூனிட்டை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள்.

சேலம் மாவட்டத்துப் பிள்ளைகள் என்பதால் இரண்டாவது கணக்குக்கு மேட்டூர் அணை. தினமும் பேப்பரில் நீர்மட்டம் அடியிலும், இருப்பு டிஎம்சியிலும் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி), வரத்தும் திறப்பும் வினாடிக்கு இத்தனை கனஅடி என்றும் வருகிறது. அணையின் முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டிஎம்சி. அப்படியென்றால் 60 அடியில்? எல்லோரும் பாதி, 46 அல்லது 47 என்பார்கள். பேப்பரில் தேடிப் பார்த்தால் ஏறக்குறைய 25. பாதி உயரத்தில் கால்வாசிக்குச் சற்று அதிகமான தண்ணீர்தான்! பழைய பேப்பர்களிலிருந்து எண்களை எடுத்து ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருளில் புள்ளிகளாக வைத்து, y = axⁿ (x நீர்மட்டம், y இருப்பு) என்று கொடுத்து, ஸ்லைடரில் n-ஐ நகர்த்திப் பொருத்துவார்கள். 2-க்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும்.

வரத்து 20,000 கனஅடி, திறப்பு 8,000 என்று பேப்பர் சொன்னால், ஒரு நாளில் இருப்பு எவ்வளவு ஏற வேண்டும்? வினாடிக்கு 12,000 கனஅடியை ஒரு நாளின் 86,400 வினாடியால் பெருக்கினால் ஒரு டிஎம்சிக்குச் சற்று மேல். மறுநாள் பேப்பரில் அந்த அளவு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரே பக்கத்தில் அச்சாகும் இரண்டு எண்களை ஒன்றோடொன்று மோதவிட்டுச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம், எனக்குத் தேர்வு மதிப்பெண்ணைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

n ஏன் சரியாக 2 ஆகவில்லை, எல்லா அணைக்கும் இதே வளைவுதானா என்று கேட்டிருக்கிறார்கள். இப்போது பவானிசாகர் அணையின் எண்களைச் சேர்க்கத் தொடங்கியாயிற்று: 105 அடி, 32.8 டிஎம்சி. பாதி உயரத்தில் இருப்பு எவ்வளவு இருக்கும் என்று ஆளுக்கொரு எண் எழுதி, தேதி போட்டு, லேப் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். என்னுடையதும் அதில் இருக்கிறது.